கோம்மா: காப்பி பழுக்கும் மாதம்

ஜிம்மாவிலிருந்து மேற்கே அகாரோ போகும் சாலை ஒரு மேட்டைக் கடக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, யாரும் வண்டியை நிறுத்திக் காட்டவும் மாட்டார்கள். அந்த மேட்டுக்குக் கிழக்கே விழும் மழை கில்கெல் கிபே ஆற்றில் சேர்ந்து, பிறகு ஓமோ ஆற்றோடு தெற்கே இறங்கி, கென்யாவின் துர்கானா ஏரியில் முடிந்துவிடுகிறது. மேற்கே விழும் மழை டெம்சா போன்ற சிற்றாறுகள் வழியாகத் தித்தெசாவில் கலந்து, நீல நைலில் சேர்ந்து, சூடான், எகிப்து தாண்டி மத்தியதரைக் கடல்வரை போகிறது. வரைபடத்தில் இதைப் பார்த்துவிட்டுப் போயிருந்ததால், மேடு வந்ததும் சொல்லச் சொல்லி ஓட்டுநரிடம் கேட்டுவைத்திருந்தேன். அவர் சிரித்தார். தண்ணீர் எந்தப் பக்கம் போனால் என்ன, இரண்டு பக்கமும் காப்பிதானே என்றார்.

மேற்குப் பக்கம் இறங்கினால் கோம்மா. எத்தியோப்பியாவின் ஒரோமியா மாநிலத்தில், ஜிம்மா மண்டலத்தைச் சேர்ந்த ஒரு வொரெடா. வொரெடா என்பது ஏறக்குறைய நம் தாலுகா. அதற்குக் கீழே கெபெலே என்ற சிறு நிர்வாகப் பிரிவுகள். அடிஸ் அபாபாவிலிருந்து ஜிம்மா 350 கிலோமீட்டர், அங்கிருந்து அகாரோ இன்னும் 45 கிலோமீட்டர் சொச்சம். நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 1400 முதல் 1700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டின் உயரமும் அதுவே. தெற்கு, மேற்கு விளிம்புகளில் மட்டும் மலை 2000 மீட்டரைத் தாண்டி ஏறுகிறது. ஆண்டு மழை 1500 மில்லிமீட்டர் அளவு, அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 2007 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே இங்கே இரண்டு லட்சம் பேருக்கு மேல். பெரும்பாலோர் ஒரோமோக்கள், முஸ்லிம்கள்.

ஜிம்மா நகரத்தைப் பற்றி நீட்டப்போவதில்லை. 1936 முதல் 1941 வரை எத்தியோப்பியாவைப் பிடித்து வைத்திருந்த இத்தாலியர்கள் அதைத் தென்மேற்குப் பகுதியின் தலைநகராக வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கட்டடங்கள் சில கடைத்தெருவில் மழைக்கறை படிந்து நிற்கின்றன. ஒரே கட்டையிலிருந்து குடைந்தெடுக்கும் மூன்று கால் முக்காலிகளுக்கு ஊர் பேர்போனது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பல வருடங்களாக இந்தியப் பேராசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு. அப்படி இருந்துவிட்டு வந்த நண்பர் ஒருவரின் பழைய மாணவர்தான் எனக்கு வழித்துணை. அகாரோவுக்குப் பக்கத்துக் கெபெலே ஒன்றில் காப்பி விவசாயியின் மகன். அம்ஹாரிக்கும் ஆங்கிலமும் பேசுவார். வீட்டுப் பேச்சு அஃபான் ஒரோமோ.

டொயோட்டா வேனில் பன்னிரண்டு பேர் உட்காரும் இடத்தில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்து போனோம். இந்த உயரமான கூரை வேன்களுக்கு ‘அபாதுலா’ என்று செல்லப்பெயர். யெபு தாண்டியதும் சாலையின் இரண்டு ஓரமும் பழுப்பாயின. வீட்டு வாசல், பள்ளிவாசல் திண்ணை, தகரக் கடைகளின் முன்புறம் என்று எங்கு காலி இடம் கிடைத்தாலும் பாய் விரித்துக் காப்பிப்பழம் காயப்போட்டிருந்தார்கள். நவம்பர் மாதம். சிவந்த பழமாக விரித்தது ஓரிரு வாரத்தில் கறுத்துச் சுருங்கி உருண்டையாகிவிடுகிறது. சில இடத்தில் பாய்கூட இல்லாமல் வெறும் மண்ணில் கிடந்தது. ஆடு மிதித்துப் போயிற்று. வழித்துணைவர் முகத்தைச் சுளித்து, “இதனால்தான் ஜிம்மா காப்பி என்றால் விலை குறைத்துக் கேட்டார்கள்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கம்தான் பிறகு நான் கோம்மாவில் பார்த்தது முழுக்க.

அகாரோ ஒரு நீண்ட தெரு, அதிலிருந்து கிளைக்கும் சேற்றுச் சந்துகள். கிடங்குகள், எடைபோடும் மேடைகள், லாரிப் பட்டறைகள், பள்ளிவாசல்கள். நகருக்குள் ஓடுபவை எல்லாம் நம் பஜாஜ் ஆட்டோக்கள். வண்டியின் பெயரே அங்கே ‘பஜாஜ்’தான், வேறு சொல் இல்லை. கடைப்பலகைகளில் இரண்டு எழுத்து: அம்ஹாரிக்குக்கான கீஸ் எழுத்து ஒன்று, ஒரோமோவுக்கான ரோமன் எழுத்து ஒன்று. அந்த ரோமன் எழுத்து பலகையில் ஏறி முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. பேரரசர் ஹைலே செலாசி காலத்தில் ஒரோமோ மொழியில் பள்ளி கிடையாது, பத்திரிகை கிடையாது. 1974க்குப் பின் வந்த டெர்க் இராணுவ ஆட்சியும் அதைப் பெரிதாக மாற்றிவிடவில்லை. அந்த ஆட்சி விழுந்த 1991ஆம் ஆண்டு நவம்பரில்தான் ‘கூபே’ என்று அவர்கள் சொல்லும் ரோமன் எழுத்துமுறையை முறையாக ஏற்றார்கள். எத்தியோப்பியாவின் மிகப் பெரிய இனத்தாரின் மொழியே அதுவரை இப்படி ஒதுக்கப்பட்டிருந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் நின்று யோசிக்கலாம். வழித்துணைவரின் அப்பாவுக்குத் தன் மொழியில் எழுதத் தெரியாது. மகன் அந்த மொழியிலேயே எட்டாவதுவரை படித்திருக்கிறார்.

கடிகாரம் வேறு தனிக்கதை. எத்தியோப்பியாவில் பகலின் கணக்கு சூரிய உதயத்தில் தொடங்குகிறது. நம் காலை ஏழு மணி அங்கே ஒரு மணி. வேன் இரண்டு மணிக்குக் கிளம்பும் என்றால் காலை எட்டு என்று பொருள். வருடத்துக்குப் பதின்மூன்று மாதம், ஆண்டுக்கணக்கு நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்தங்கி வரும். சந்திக்கும் நேரம் குறிக்கும்போது ஒவ்வொரு தடவையும் “உங்கள் மணியா, எங்கள் மணியா” என்று கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

சாலையை விட்டு உள்ளே நடந்தால் தோட்டமா காடா என்று சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது. மேலே வாதேசா, அத்தி, உசிலை இனத்து மரங்கள்; கீழே ஆள் உயரத்துக்கும் மேலாகக் காப்பி. ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் இருக்கும் வரிசை, கவாத்து, எண் போட்ட பிளாக் எதுவும் இங்கே கிடையாது. பலருடைய காப்பி, காட்டில் தானாக முளைத்த செடியைச் சுற்றிக் களை எடுத்து, வேண்டாத மரத்தைக் கழித்து உண்டானது. வீட்டை ஒட்டிய கொல்லையில் நட்டு வளர்ப்பதும் உண்டு. அதே கொல்லையில் வாழைபோல நிற்கும் என்செட், நாலு வரிசை மக்காச்சோளம், மரக்கிளையில் நீள உருளையாகக் கட்டிவைத்த தேன்கூடு. ஆப்பிரிக்காவிலேயே அதிகத் தேன் எடுக்கும் நாடு எத்தியோப்பியா. அதில் இந்தப் பக்கத்துக் காட்டுக்குப் பெரிய பங்கு. மரத்து உச்சியில் கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்குகள் தாடி மீசையோடு உட்கார்ந்திருந்தன. அவை இலை தின்பவை, பழத்துக்கு ஆபத்தில்லை. பபூன்கள் வந்தால்தான் பையன்கள் கவண் எடுக்கிறார்கள்.

இந்த நிழல் மரங்கள் நிற்பதற்குக் காரணம் வனச்சட்டம் என்று நான் நினைக்கவில்லை. காப்பிக்கு நிழல் வேண்டும், அதனால் நிற்கின்றன. பக்கத்துச் சரிவில் மக்காச்சோளம் போட்டவன் ஒரு மரம்கூட மிச்சம் வைக்கவில்லை. காப்பிக்குக் கிடைக்கும் விலை விழுந்தால் காடும் விழும். இது ஊகம் இல்லை. மேட்டுப் பகுதிகளில் யூகலிப்டஸும் சாத் செடியும் ஏறிவருவதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். சாத் என்பது மென்றால் உற்சாகம் தரும் இலை. வருடத்தில் பலமுறை ஒடிக்கலாம், அன்றைக்கே காசு. காப்பிக்கு வருடம் ஒரு தடவைதான். மகள் கல்யாணத்தை முன்னால் வைத்துக்கொண்டிருக்கும் விவசாயிக்கு இதில் எது லாபம் என்று பாடம் எடுக்க எனக்குத் தகுதியில்லை.

கோம்மாவுக்கு வருகிற வெளியூர்க்காரரை எல்லோரும் அனுப்பிவைக்கும் இடம் சோச்சே. காப்பி பிறந்த ஊர் அதுதான் என்று உள்ளூரில் சொல்கிறார்கள். காலித் என்ற ஆட்டிடையன், பழம் தின்ற ஆடுகள் துள்ளியதைப் பார்த்தான் என்பது கதை. தெற்கே கஃபா மண்டலத்துக்காரர்கள் தங்கள் காட்டில்தான் பிறந்தது என்று சொல்லி, போங்காவில் காப்பி அருங்காட்சியகமே கட்டியிருக்கிறார்கள். ஆட்டிடையன் கதை முதலில் அச்சேறியது 1671இல், ரோமில், நைரோன் என்ற அறிஞர் இலத்தீனில் எழுதிய நூலில். அவர் சோச்சேயையும் சொல்லவில்லை, போங்காவையும் சொல்லவில்லை. ஆகவே கதையை வைத்து ஊருக்கு எல்லைக்கல் நட முடியாது. ஆனால் அராபிகா இனம் காட்டுச் செடியாக இவ்வளவு வகைவகையாக வளர்வது இந்தத் தென்மேற்கு எத்தியோப்பியக் காடுகளில்தான் என்பதில் தாவரவியலாளர்களுக்குச் சந்தேகமில்லை. அந்தப் பெருமை இரண்டு ஊருக்கும் பொது. சோச்சேயில் பார்ப்பதற்கென்று பெரிதாக ஒன்றுமில்லை. மரங்கள், சரிவு, பழம் பறிக்கும் பெண்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இந்த இடத்தில் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. கர்நாடகத்தின் பாலேஹொன்னூரில் இருக்கும் மத்திய காப்பி ஆராய்ச்சி நிலையம், எத்தியோப்பியாவிலிருந்து வந்த அராபிகா வகைகளை வளர்த்துத் தேர்ந்தெடுத்தது. அவற்றின் பெயர்கள்: அகாரோ, சியோச்சே, தஃபாரிகேலா. அகாரோ நான் நின்ற ஊர். சியோச்சே என்பது சோச்சேயை இத்தாலிய எழுத்துக்கூட்டலில் எழுதியது. மூன்றாவதான தஃபாரிகேலாவைத் திமோர் கலப்பினத்தோடு சேர்த்து உண்டாக்கியதுதான் செலக்‌ஷன் 9 என்ற ரகம். நம் தென்னிந்தியத் தோட்டங்களில் நன்கு தெரிந்த செடி. பாபா புதான் யேமனிலிருந்து கொண்டுவந்த விதைகளின் கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இந்த இரண்டாவது வரவைப் பற்றிப் பேசுவார் குறைவு.

பழம் மரத்திலிருந்து இறங்கியபின் நடப்பதுதான் கோம்மாவின் பொருளாதாரம். முழுப் பழமாகவே காயவைத்துப் பிறகு தோலை உடைத்து விற்பது பழைய வழி. செலவில்லை, தண்ணீர் வேண்டாம், பணமுடை வரும்போது ஒரு மூட்டை எடுத்து விற்கலாம். ஆனால் பச்சைப் பழமும் பழுத்ததும் கலந்து, மண்வாசனையும் பூஞ்சையும் ஏறிவிடும். உலகச் சந்தையில் ‘ஜிம்மா 5’ என்றால் மலிவுச் சரக்கு என்று பொருள். செடி உலகத்திலேயே உயர்ந்தது, சரக்கு அடித்தட்டு. பல பத்தாண்டுகள் இப்படித்தான் ஓடியது.

மாற்று வழி, பறித்த அன்றே பழத்தைத் தோல் நீக்கிக் கழுவி, உள்தோலோடு (பார்ச்மென்ட்) காயவைப்பது. அதற்கு இயந்திரம் வேண்டும், ஓடும் தண்ணீர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் கடன் வேண்டும். 2010 வாக்கில் அகாரோவைச் சுற்றிய சில ஊர்களில் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து, டெக்னோசெர்வ் என்ற தொண்டு அமைப்பின் பயிற்சியோடு, கடன் வாங்கி இதைத் தொடங்கினார்கள். துரோமினா என்ற சங்கம் அதில் ஒன்று. ஆரம்பித்த இரண்டே வருடத்தில், 2012இல், ஆப்பிரிக்க நாடுகளுக்கு இடையிலான சுவைப் போட்டியில் நடுவர்கள் துரோமினாவின் காப்பியை முதலிடத்தில் வைத்தார்கள். அதே மரம், அதே மண், அதே குடும்பங்கள். மாறியது பழம் பறித்த பிறகான வேலை மட்டும்.

அப்படியான ஒரு கழுவும் நிலையத்துக்குச் சாயங்காலம் போனேன். போக வேண்டிய நேரமும் அதுதான். பகலெல்லாம் பறித்த பழத்தைத் தலைச்சுமையாகவும் கழுதைமேலும் கொண்டுவந்து இறக்குகிறார்கள். இறக்கியதும் ஒரு சாய்ப்பில் கொட்டி, பச்சைக்காய், அழுகல், அரைப்பழம் எல்லாவற்றையும் கொண்டுவந்தவரே உட்கார்ந்து பொறுக்க வேண்டும். பொறுக்காமல் எடைமேடைக்கு ஏற்றமாட்டார்கள். ஒரு முதியவர் வாய்ச்சண்டை போட்டார். எடைபோடும் பையன் அவருக்குப் பேரன் வயது. “ஓபோ (ஐயா), நீங்களே சங்கத்துத் தலைவராக இருந்தபோது போட்ட விதிதானே” என்று அவன் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தார்.

எடைபோட்டதும் சீட்டு. அன்றைய விலைக்கு முதல் பணம். சரக்கு ஏற்றுமதியாகி லாபம் வந்தால், போட்ட எடைக்கேற்ப இரண்டாம் பணம். அந்த இரண்டாம் பணத்துக்காகத்தான் சங்கம். தனியார் வியாபாரிக்கு விற்றால் அது கிடையாது. ஆனால் வியாபாரிக்கும் இடம் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், கையில் தானியமும் காசும் இல்லாத நாட்களில், காய் மரத்தில் இருக்கும்போதே விலைபேசி முன்பணம் கொடுப்பவர் அவர்தான். அந்தக் கடனோடு இருப்பவர் சங்கத்துக்குப் பழம் கொண்டுவர முடியாது. உறுப்பினரே சில சமயம் இரவோடிரவாக வியாபாரிக்கு அளப்பதும் நடக்கிறதாம். சங்கங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

இருட்டியதும் தோல் நீக்கும் பல்ப்பர் ஓடத் தொடங்கியது. டீசல் சத்தத்தில் பேச முடியாது. ஒரு பக்கம் வழவழப்பான கொட்டை, மறுபக்கம் சிவந்த தோல் மலைமலையாக. கழுவிய கொட்டையைக் காலையில் பார்த்தேன்: இடுப்பு உயரப் பரண்களில் வலை விரித்து, நீள நீளமாகக் கல்யாணப் பந்திபோலப் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, உடைந்தது, கறுத்தது, பூச்சி தொட்டது எல்லாவற்றையும் விரலால் தள்ளி எடுத்தார்கள். வெயில் ஏறும்போது மூடிப் போர்த்துகிறார்கள், சாய்ந்ததும் மறுபடி திறக்கிறார்கள். ஒன்றரை வாரம் இப்படி. சுவை என்று பரிசு வாங்குவதில் பாதி இந்தப் பெண்களின் கண். அவர்களுக்குத் தினக்கூலி. சங்கத்து உறுப்பினர் பட்டியலில் பெண்பெயர் குறைவு, ஏனென்றால் நிலம் ஆண்பெயரில் இருக்கிறது. இரண்டாம் பணம் வீட்டுக்கு வருகிறதே என்றார் செயலாளர். வீட்டுக்கு வருவதும் கைக்கு வருவதும் ஒன்றில்லை என்பது பரணருகே நின்ற பெண்களுக்குத் தெரிந்திருந்தது. செயலாளரின் பதில் மொழிபெயர்க்கப்பட்டதும் அவர்கள்தான் முதலில் சிரித்தார்கள்.

கழுவிய தண்ணீர் பெரிய தொல்லை. சர்க்கரையும் பசையும் நிறைந்த அந்தச் சாக்கடை ஓடையில் கலந்தால் கீழே மீன் மிஞ்சாது, மாடு குடிக்காது. அதற்காகச் சில நிலையங்களில் சரிவில் வரிசைவரிசையாக வெட்டிவேர் நட்டு, அதன் வழியாகத் தண்ணீரைக் கசியவிடுகிறார்கள். நம் வெட்டிவேரேதான், எழுபதுகளில் ஜிம்மா ஆராய்ச்சி நிலையம் வழியாக இங்கே பரவியது. எல்லா நிலையங்களும் இதைச் செய்வதில்லை. ஓடையின் நிறத்தைப் பார்த்தே மேலே இருப்பது எந்த வகை நிலையம் என்று சொல்லிவிடலாம்.

அந்த ஆராய்ச்சி நிலையம், ஜிம்மாவை ஒட்டிய மெல்கோவில் இருப்பது, இங்குள்ளவர்கள் நன்றியோடு பேசும் ஓர் அரசு நிறுவனம். 1971இல் காய் அழுகல் நோய் எத்தியோப்பியாவுக்குள் வந்தது. காயைப் பச்சையிலேயே கறுக்கவைத்து உதிர்க்கும் பூஞ்சை. பல தோட்டங்கள் ஒரே பருவத்தில் காலியாயின. ஆராய்ச்சியாளர்கள் மருந்து தேடுவதைவிட மரம் தேடினார்கள். காடுகாடாக நடந்து, எல்லாம் அழுகி நின்ற இடத்தில் அழுகாமல் நின்ற மரங்களிலிருந்து விதை எடுத்து வந்தார்கள். 741, 74110, 74112 என்று இன்றும் விவசாயிகள் எண் சொல்லியே நாற்று கேட்கிறார்கள். முதல் இரண்டு இலக்கம் 1974ஆம் ஆண்டைக் குறிக்கிறது.  வகைவகையான காட்டுச் செடிகள் இல்லாத நாட்டில் இந்த வேலை நடந்திருக்காது. காட்டை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பச்சையான பதில் எனக்குத் தெரியவில்லை.

வழித்துணைவரின் வீட்டில் மதியம் காப்பி. பச்சைக் கொட்டையை அலசி, இரும்புத் தட்டில் வறுத்து, புகையோடு தட்டை ஒவ்வொருவர் மூக்குக்கும் காட்டி, உரலில் இடித்து, ஜெபெனா என்ற கழுத்து நீண்ட மண்குடுவையில் கொதிக்கவிட்டு, காது இல்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றினார் அவருடைய அம்மா. அவரை நான் ‘அட்டே’ என்று கூப்பிட வேண்டும் என்று முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காப்பியில் உப்பு. முதல் வாய்க்கு மிரண்டேன், இரண்டாம் வாய்க்குப் பிடித்துவிட்டது. கொறிக்க வறுத்த பார்லி. ஒரே பொடியில் மூன்று தடவை கொதிக்கவைத்து மூன்று சுற்று. முதல் கிண்ணத்தோடு எழுந்து போவது மரியாதை இல்லை. பக்கத்து வீடுகளுக்கு ஆள் அனுப்பி அழைத்து, பத்துப் பதினைந்து பேர் கூடியபின் பெரியவர் ஒருவர் கையை விரித்து ஆசி சொன்னார். வாக்கியத்துக்கு வாக்கியம் எல்லோரும் ஆமென் போட்டார்கள். மழைக்கு, மாட்டுக்கு, பிள்ளைகளுக்கு, கடைசியில் இந்தியாவிலிருந்து வந்தவருக்கு. எத்தியோப்பியா விளைவிக்கும் காப்பியில் ஏறக்குறைய பாதி நாட்டுக்குள்ளேயே குடிக்கப்படுகிறது என்று படித்திருந்தேன். அந்த மதியம் அதில் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

அந்தப் பேச்சில்தான் ஊரின் அமைப்பு பிடிபட்டது. மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் ‘இக்குப்’ நம் ஏலச்சீட்டுக்கு உறவு. சாவு விழுந்தால் செலவையும் சமையலையும் ஏற்கும் ‘இத்திர்’ தனி. அறுவடைக்கு ஒருவர் தோட்டத்தில் எல்லோரும் இறங்கி வேலை செய்வது ‘தபோ’. சாப்பாடு மட்டும் அவர் வீட்டில். இப்போது தபோ குறைந்து கூலியாட்கள் அதிகம். தாவ்ரோ, கஃபா பக்கங்களிலிருந்து பருவத்துக்கு வந்து, பறித்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அரசுத் தோட்டங்களாக இருந்து தனியார் கைக்குப் போன கோம்மா ஒன்று, கோம்மா இரண்டு என்ற பெரிய எஸ்டேட்டுகளுக்கும் ஆள் வேண்டியிருக்கிறது. நிலம் எல்லாமே சட்டப்படி அரசுடையது. 1975இல் டெர்க் ஆட்சி நிலப்பிரபுக்களிடமிருந்து பிடுங்கி உழுதவனுக்குக் கொடுத்தது, ஆனால் விற்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. டெர்க்கின் கொடுமைகளைப் பட்டியல் போட்ட அதே முதியவர்கள், அந்த ஒரு சட்டத்தை மட்டும் குறை சொல்ல மறுத்தார்கள். அவர்களுடைய அப்பாக்கள் விளைச்சலில் பங்கும் இலவச உழைப்பும் கொடுத்துக்கொண்டிருந்த குடியானவர்கள்.

கோம்மா என்பது வட்டாரத்தின் பெயராவதற்கு முன்பு ஒரு ராஜ்ஜியத்தின் பெயர். லிம்மு, ஜிம்மா, கோம்மா, குமா, கேரா என்று ஐந்து. கிபே ராஜ்ஜியங்கள் என்பார்கள். மற்ற இடத்து ஒரோமோக்கள் எட்டு வருடத்துக்கு ஒருமுறை அதிகாரம் கைமாறும் கதா முறையில் வாழ்ந்தவர்கள். யுனெஸ்கோ 2016இல் அதை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கிபேக்காரர்கள் அதை விட்டுவிட்டு மன்னர்களை ஏற்றார்கள். வளமான மண்ணும் வணிகப் பாதையும் கையில் வந்ததும் எட்டு வருடத்தில் இறங்கிப்போக யாருக்கும் மனம் வரவில்லை போலும். அந்த மன்னர்கள் தங்கள் குதிரையின் பெயராலேயே அழைக்கப்பட்டார்கள். அபா ஜிஃபார் என்றால் ஜிஃபார் என்ற குதிரைக்கு உடையவர். வணிகர்களோடு இஸ்லாமும் வந்தது. கேரா ராஜ்ஜியத்துக்கு வந்த இத்தாலியப் பயணிகள் செக்கியும் கியாரினியும் அங்கே சிறைப்பட்டு, 1879இல் கியாரினி அங்கேயே இறந்துபோனார். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் அறிந்துவைத்துக்கொள்ள வேண்டிய சம்பவம்.

அந்த வணிகப் பாதையில் தந்தம், புனுகு, காப்பியோடு போன இன்னொரு சரக்கு மனிதர்கள். ஜிம்மா மன்னர் அபா ஜிஃபாரின் மர அரண்மனை, ஜிம்மாவை ஒட்டிய ஜிரேனில் இன்றும் அழகாக நிற்கிறது. வழிகாட்டி மன்னரின் உயரத்தைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னார், அடிமைச் சந்தையைப் பற்றி ஒரு வாக்கியம். 1888இல் செங்கடலில் படகுகளை மறித்த பிரிட்டிஷ் கப்பல் ஆஸ்ப்ரே இருநூற்றுக்கு மேற்பட்ட ஒரோமோக் குழந்தைகளை மீட்டது. அவர்களில் 64 பேர் 1890இல் தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். அதில் ஒரு சிறுமி பிஷோ ஜார்சா. மண்டேலாவோடு ராபன் தீவில் சிறையிருந்த அறிஞர் நெவில் அலெக்சாண்டர் அவருடைய பேரன். கோம்மா ராஜ்ஜியம் அதற்கு முன்பே, 1886இல், பின்னாளில் பேரரசரான மெனலிக்கின் தளபதியிடம் விழுந்திருந்தது.

அகாரோவிலிருந்து பிரியும் மண்பாதை ஒன்று பெஷாஷாவுக்குப் போகிறது. பிரதமர் அபி அகமது 1976இல் பிறந்த ஊர். முஸ்லிம் ஒரோமோத் தந்தை, கிறித்தவத் தாய். ஒரோமோ இளைஞர்கள் நான்கு வருடம் தெருவில் நின்று அடிவாங்கியபின் 2018 ஏப்ரலில் அவர் பதவிக்கு வந்தார், 2019இல் நோபல் அமைதிப் பரிசு, 2020இல் திக்ரே போர். பெஷாஷாவில் 2006இல் மதக் கலவரம் நடந்து தேவாலயம் எரிந்து உயிர்கள் போனதும் உண்டு. ஊரில் பிரதமரைப் பற்றிக் கேட்டால் சாலையைப் பற்றிப் பதில் சொல்கிறார்கள். பெருமையா கசப்பா என்று குரலில் பிடிக்க முயன்று கைவிட்டேன். வழித்துணைவர் அந்தப் பேச்சை மொழிபெயர்க்கும்போது மட்டும் வாக்கியங்கள் குட்டையாகிவிட்டன.

விலையைப் பற்றிய பேச்சில் யாருக்கும் தயக்கமில்லை. 2024 ஜூலையில் அரசு பிர் நாணயத்தைச் சந்தைக்கு அவிழ்த்துவிட்டதும் டாலர் மதிப்பு இரட்டிப்பானது. காப்பிப்பழ விலை ஏறியது, உரம், துணி, சமையல் எண்ணெய் எல்லாம் கூடவே ஏறின. அடுத்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம். காடழித்த நிலத்தில் விளைந்ததில்லை என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் இடக்குறியீட்டோடு சான்று காட்டினால்தான் காப்பியை வாங்குவார்களாம். அமல் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. அரை ஹெக்டேர், கால் ஹெக்டேராகச் சிதறிக்கிடக்கும் கொல்லைகளை அளந்து கணினியில் ஏற்றும் செலவு யாருடையது என்று சங்கச் செயலாளர் என்னைக் கேட்டார். காட்டு நிழலிலேயே காப்பி வளர்த்தவனிடம், காடழிக்கவில்லை என்று நிரூபி என்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது. சான்றுச் செலவை வாங்குபவர்தான் ஏற்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. வடக்கே வொல்லேகா பக்கத்தில் அரசுப் படைகளுக்கும் ஒரோமோ விடுதலைப் படைக்கும் மோதல் நீடித்து வந்திருக்கிறது. ஒரோமியா முழுவதும் சாலை நிலவரம் வாரத்துக்கு வாரம் மாறும். கிளம்புமுன் ஜிம்மாவில் இருப்பவர்களைக் கேட்டுவிடுங்கள். பழம் பார்க்க அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பூப் பார்க்க பிப்ரவரி, மார்ச்சில் முதல் மழைக்குப் பின், அதுவும் சில நாள்தான் நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மண்பாதைகளில் வண்டி ஏறாது. கழுவும் நிலையத்துக்குச் சாயங்காலம் போங்கள், பகலில் போனால் காலி எடைமேடையைத்தான் பார்ப்பீர்கள். யாராவது வீட்டுக்குக் காப்பி குடிக்கக் கூப்பிட்டால் அதற்குப்பின் இரண்டு மணி நேரத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.